நான் போகாத கடைசி ஆட்டம்

அன்று வெள்ளிக்கிழமை பின்னேரம். நான் முற்றத்தில் நின்று மோட்டச்சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தேன். படலை திறந்த சத்தம் கேட்டு நிமிர்ந்தால், ஒரு கதலி வாழைக்குலை உள்ளே வந்தது. குலைக்குப் பின்னால் குகன்.

குகன் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர். முப்பது வயது. பகலில் ஓர் அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்க்கிறவன். இதற்கு முன்னர் எங்கள் வீட்டுக்கு அவன் கொண்டுவந்ததெல்லாம் கூட்ட நோட்டீஸ்தான். எங்கள் பக்கத்தில் ஒருவர் குலையோடு வீட்டுக்கு வந்தால், ஒன்றில் கலியாணம் பேச வருகிறார், அல்லது எல்லைக் கல்லை ஓர் அடி தள்ளிப்போட வருகிறார். என் மகள் கலியாணம் கட்டி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிறாள். குகனுக்கும் எங்களுக்கும் பொது வேலி இல்லை. நான் கழுவுவதை நிறுத்தினேன்.

“அண்ணை, இருக்கிறியளோ?” என்றான், என்னைப் பார்த்துக்கொண்டே.

“இல்லையடாப்பா, நான் வெளியிலை போயிட்டன்.”

“உப்பிடியே இருந்தால் நல்லது அண்ணை. அதைத்தான் கேக்க வந்தனான்.”

குலையை வாசற்படியில் வைத்தான். என் மனைவி சுகந்தி தேத்தண்ணியோடு வந்தாள். அவளைக் கண்டதும் குகனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னான்.

“ஞாயிற்றுக்கிழமை மட்ச்சுக்கு நீங்கள் கிறவுண்டுக்கு வரக்கூடாது. கமிற்றி முடிவு.”

“கமிற்றியிலை நானும் ஒரு ஆள் எல்லோ?”

“ஓம் அண்ணை. அதாலைதான் உங்களுக்குச் சொல்லாமல் கூட்டம் வைச்சனாங்கள்.”

ஒற்றைக்காற் பறவை

எங்கள் கழகத்தின் பெயர் பூநாரை விளையாட்டுக் கழகம். பண்டத்தரிப்பிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம் மேற்கே போனால் எங்கள் ஊர். அந்த ஊரைத் தாண்டிவிட்டால் இந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்காத ஒருவரை நீங்கள் சந்திக்க முடியாது.

கழகத்தைத் தொடங்கியவர்கள் கடலோரக் களப்புத் தண்ணியில் வந்து நிற்கும் பூநாரைகளைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்களாம். பொதுவாக உதைபந்தாட்டக் கழகத்துக்குப் புலி, சிங்கம், இடி, மின்னல் என்று பெயர் வைப்பார்கள். ஒற்றைக் காலில் நின்று நித்திரை கொள்ளும் ஒரு பறவையின் பெயரைத் தேர்ந்தவர்கள் எங்கள் ஆட்கள் மட்டும்தான். ஒருவகையில் அது தீர்க்கதரிசனம். பூநாரை காலநிலை பார்த்து வரும், வடிவாக நிற்கும், வெயில் ஏறியதும் காணாமல் போகும். எங்கள் அணியும் ஒவ்வொரு வருடமும் அதைத்தான் செய்தது.

பெயருக்கு ஏற்ற மாதிரி வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள் றோஸ் நிறத்தில் ஜேர்சி வேறு அனுப்பிவிட்டார்கள். போகிற இடமெல்லாம் எதிரணிச் சனம் வேலிக்கு அப்பால் நின்று கத்தும்: “டேய் நாரை! மற்றக் காலை எங்கையடா வைச்சிட்டு வந்தனீ?”

இரண்டாம் பிரிவில் நாங்கள் எவ்வளவு காலம் கிடக்கிறோம் என்பதை நான் ஆண்டுகளில் அளப்பதில்லை. என் தலைமயிரில் அளக்கிறேன். முதல் தடவை முதலாம் பிரிவுக்கு ஏறப் பார்த்தபோது எனக்கு நெற்றி என்று ஒன்று தனியாக இருந்தது. இப்போது அது பிடரி வரை போய்விட்டது.

இந்தப் பருவத்திலும் பாதி வரை பழைய கதைதான். கீழிருந்து மூன்றாம் இடம். பிறகு என்ன நடந்தது என்று பயிற்றுநருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரித் தலையாட்டிக்கொண்டு மட்டும் திரிந்தார். வெல்லத் தொடங்கினோம்.

முதல் வெற்றியன்று நான் பல்லுப் பிடுங்கப் போயிருந்தேன். (அந்தக் கதையைத்தான் போன கிழமை பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் எழுதினேன். இரண்டு பல்வைத்தியர்கள் கோபித்துக் கடிதம் போட்டிருக்கிறார்கள். மூன்றாமவர், எனக்குப் பிடுங்கியவர், பேசாமல் இருக்கிறார். அதுதான் பயமாக இருக்கிறது.) இரண்டாம் வெற்றியன்று மருமகன் வீட்டில் ஒரு கலியாணம். மூன்றாம் வெற்றியன்று எனக்குக் காய்ச்சல். நாலாம் ஆட்டத்துக்குக் காதைச் சுற்றித் துவாய் கட்டிக்கொண்டு போனேன். மூன்றுக்குப் பூச்சியம். தோல்வி.

குகன் இதையெல்லாம் ஒரு தாளில் நிரைபோட்டு எழுதி வைத்திருந்தான். தேத்தண்ணியை வைத்துவிட்டு அதை எடுத்து விரித்தான். ‘வந்தார் – தோல்வி. வரவில்லை – வெற்றி.’ இப்படியே கீழே கீழே போனது. கடைசிக்கு முந்திய வரிதான் என்னைக் கொன்றது: ‘வந்தார், இரண்டு கோல் பின்னுக்கு இருக்கையில் இடைவேளையோடு எழும்பிப் போனார் – சமநிலை.’

“தம்பி, உதுக்குப் பேர் தற்செயல்.”

“ஓம் அண்ணை, தற்செயல்தான். அந்தத் தற்செயல் ஞாயிற்றுக்கிழமையும் நடக்கவேணும் எண்டுதான் கமிற்றி கேக்குது.”

சுகந்தி தாளை எட்டிப் பார்த்தாள். “வடிவாத்தான் போட்டிருக்கிறான்,” என்றாள்.

நான் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். கெட்ட சகுனங்கள் வரும் நாவல்கள் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் சகுனம் காகமாக வரும், கறுப்புப் பூனையாக வரும். வழுக்கை விழுந்த நூலகராக வந்ததை நான் ஓரிடத்திலும் படித்ததில்லை.

நெஞ்சால் ஒரு பாஸ்

ஆனால் குகனைக் குறை சொல்ல ஏலாது. அவனுடைய தாளில் இல்லாத ஒரு வரி ஊரிலுள்ள எல்லாருடைய தலையிலும் இருக்கிறது. அது எனக்கும் தெரியும்.

போர்நிறுத்தத்தோடு ஏ-9 பாதை திறந்து, கொழும்புச் சாமான்கள் ஒரே கிழமையில் மலிந்த காலம் அது. நான் அப்போது பூநாரையின் வலப்பக்கப் பின்வரிசை ஆட்டக்காரன். திறமையால் வந்த இடமில்லை; வழமையாக ஆடுகிறவன் அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளத்தோடு கிடந்தான். பருவத்தின் கடைசி ஆட்டம். சமநிலை எடுத்தால் போதும், முதலாம் பிரிவு. இரண்டு பக்கமும் கோல் இல்லை. இன்னும் இரண்டு மூன்று நிமிடம்தான்.

எங்கள் கோல்கீப்பர் பாபு. என் மாமியின் மகன், எனக்கு மச்சான். எதிரணி பந்தை உயரத் தூக்கி அடித்தது. அது எனக்கும் பாபுவுக்கும் நடுவே இறங்கியது. பாபு “விடு!” என்று கத்தினான். அந்தச் சத்தம் கீரிமலை வரை கேட்டிருக்கும். எனக்கு மிக நன்றாகக் கேட்டது.

ஆனால் அந்தக் கிழமைதான் ஒரு வெளிநாட்டு விளையாட்டுச் சஞ்சிகையில், வருகிற பந்தை நெஞ்சில் வாங்கி மெதுவாகக் கோல்கீப்பருக்குக் கொடுப்பது எப்படி என்று படித்திருந்தேன். படமும் போட்டிருந்தார்கள். படத்தில் இருந்தவர் கண்ணை மூடியிருந்தார். நானும் மூடினேன்.

திறந்தபோது பாபு எனக்குப் பக்கத்தில் நின்றான். பந்து எங்கள் இருவரையும் தாண்டி, எந்த அவசரமும் இல்லாமல், பந்திக்கு அழைத்த பெரிய மனிதரைப் போல உள்ளே போய்க்கொண்டிருந்தது.

வாசிப்பு மனிதனை முழுமையாக்கும் என்று நூலகத்தில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம். அதற்குக் கீழே இருந்துதான் நான் இன்றைக்கும் வேலை பார்க்கிறேன்.

பாபு அடுத்த வருடம் கனடா போய்விட்டான். அவன் ஊரைவிட்டுப் போனதே என்னால்தான் என்று ஒரு கதை உண்டு. அது சும்மா பேய்க்கதை, பொய். ஆனால் ரொறொன்ரோவிலிருந்து அவன் எடுத்த முதல் போனில் ‘சுகமா இருக்கிறியா’ என்று கேட்கவில்லை. “நான் விடு எண்டு கத்தக் கத்த ஏன்ரா நெஞ்சைக் குடுத்தனீ?” என்றுதான் கேட்டான். இன்று வரை ஒவ்வொரு போனும் அதில்தான் தொடங்கும். பிறகுதான் பிள்ளைகள், குளிர் எல்லாம்.

அந்த நாளிலிருந்து எனக்கு ஒரேயொரு ஆசைதான். பூநாரை மேலே ஏறுவதைப் பார்க்கவேண்டும். பார்த்துவிட்டால், அந்தப் பந்தின் பின்னால் கனவில் ஓடுவதையாவது நிறுத்தலாம். இப்போது அந்த நாள் வருகிறது. கடைசி ஆட்டம். எதிரணி கரையோரத்து ஊர், அவர்களுக்குச் சமநிலை போதும். நாங்கள் வென்றால் நாங்கள் மேலே, இல்லாவிட்டால் அவர்கள் மேலே. அந்த ஆட்டத்துக்குத்தான் வரவேண்டாம் என்கிறார்கள். வாழைக்குலையோடு.

“நான் வருவன்,” என்றேன்.

குகன் தாளை மடித்தான். “யூட்டை யோசியுங்கோ அண்ணை.”

அந்த ஒரு பெயரில் என்னை மடக்கிவிட்டான். யூட் எங்கள் இப்போதைய கோல்கீப்பர். தொழில் மேசன். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. பகலெல்லாம் சாரத்தில் நின்று சீமெந்து பூசிவிட்டுப் பின்னேரம் வந்து நிலத்தில் விழுந்து எழும்புகிறவன். போன மாதம் தேத்தண்ணிக் கடையில் எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருந்தான்: “ஏறினால் ஒரு வருசம் முதலாம் பிரிவிலை நிண்டு பாத்திட்டு விடுவன். ஏறாட்டி இதோடை சரி.”

நான் இன்னொரு கோல்கீப்பரின் கடைசி ஆட்டத்தைக் கெடுக்க விரும்பவில்லை.

“சரி. கிறவுண்டுக்கை கால் வைக்கமாட்டன்,” என்றேன். “குலையை வைச்சிட்டுப் போ.”

குடமும் குரலும்

படலை வரை போன குகன் திரும்பி வந்தான்.

“இன்னொரு சின்ன விசயம் அண்ணை. முழிவியளம்.”

பயணம் வெளிக்கிடும்போது முதலில் கண்ணில் படுகிற முகத்தை நாங்கள் முழிவியளம் என்போம். நல்ல முகம் எதிர்ப்பட்டால் போகிற காரியம் நடக்கும். தப்பான முகம் எதிர்ப்பட்டால், பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பிக்கிறவரும் வீட்டுக்குள் திரும்பிப் போய்த் தண்ணி குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிடுவார். அணியின் வான் சந்தியால் திரும்பினால் முதலில் வருவது எங்கள் வீட்டுப் படலைதான்.

“அப்ப வான் போகேக்கை நான் உள்ளுக்கை இருக்கவேணும். அவ்வளவுதானே?”

“அது பாதி அண்ணை. மற்றப் பாதி…” என்று இழுத்து, சுகந்தியின் பக்கம் திரும்பினான். “அக்கா, நீங்கள் ஒரு நிறைகுடத்தோடை படலையடியிலை நிண்டால் நல்லது எண்டு கமிற்றி நினைக்குது.”

முப்பது வருடமாக ஒரே வீட்டில், ஒரே கிணற்றுத் தண்ணியில், ஒரே பானைச் சோறு தின்கிறோம். அவள் நல்ல முழிவியளம், நான் கெட்ட முழிவியளம். சுகந்தி ஒரு நிமிடம் யோசிக்கிற மாதிரி நின்றாள். முகத்தில் சந்தோசமும் புளுகமும் வழிந்தன.

“இந்த வீட்டிலை ஒராளுக்கெண்டாலும் ராசி இருக்கே,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நாலு மணிக்கு. நாலரை தொடங்கி ராகுகாலம். அது இரண்டு அணிக்கும் பொது என்று கமிற்றி அதை ஆராய்ந்து தள்ளிவைத்துவிட்டது. இரண்டு மணிக்கெல்லாம் சுகந்தி மகளின் கலியாணத்துக்குக் கட்டிய சீலையோடும் பித்தளைக் குடத்தோடும் படலைக்கு வெளியே போய் நின்றாள். நான் கிணற்றடியில், வாழைகளுக்குப் பின்னால், ஒரு கதிரையில் உட்கார்த்தி வைக்கப்பட்டேன்.

வான் வந்து நின்றது. பெடியள் இறங்கிக் குடத்துத் தண்ணியைத் தொட்டுக்கொண்டார்கள் போலிருக்கிறது. யூட்டின் குரல் கேட்டது.

“அண்ணை! பின்னாலை நிக்கிறியளோ?”

“ஓமடா! வெண்டுகொண்டு வா!”

உடனே குகனின் குரல்: “அண்ணை, கதையாதேங்கோ! குரலும் கணக்குத்தான்!”

வான் போய்விட்டது. அந்தச் சந்தியில் எப்போதும் படுத்திருக்கும் நாய்கூட எழும்பிப் போய் வழியனுப்பியது. நான் வாழைகளோடு இருந்தேன்.

ரொறொன்ரோ வழியாக

ஆட்டம் தெல்லிப்பழைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். எங்கள் வீட்டிலிருந்து ஐந்து கட்டை, ஐந்து மைல்தான். வெளிநாட்டில் உள்ள ஊர்ச்சனத்துக்காகக் கழகம் ஆட்டத்தை நேரலையில் போட்டது. நானும் குசினி மேசையில் போனை மிளகாய்த்தூள் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

படம் பிடித்தவர் உணர்ச்சிவசப்படுகிற ஆள். பந்து எங்கள் பக்கம் வந்தால் பயத்தில் போனைக் கீழே இறக்கிவிடுவார். அவருடைய செருப்பைப் பார்க்கலாம். பந்து அவர்கள் பக்கம் போனால் துள்ளுவார், பனைமரங்களைப் பார்க்கலாம். முதல் பாதியில் நான் பார்த்தது நாலு பனை, ஒரு செருப்பு. இடைவேளையோடு என் போனில் டேற்றாவும் முடிந்தது.

ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. பாபு.

“நான் விடு எண்டு கத்தக் கத்த…”

“பாபு, இண்டைக்கு வேண்டாமடா. என்ரை டேற்றா முடிஞ்சுது. நீ பாத்துச் சொல்லு.”

“நீ ஏன் வீட்டிலை?”

சொன்னேன். ரொறொன்ரோவில் அப்போது விடியற்காலை. அவன் சிரித்த சிரிப்பில் அவனுடைய மனைவி எழும்பிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

இப்படியாக, ஐந்து கட்டையில் நடக்கிற ஆட்டம் கடல் கடந்து கனடா போய், பாபுவின் கண்ணால் நுழைந்து, வாயால் வெளியேறி, திரும்பவும் கடல் கடந்து எங்கள் குசினிக்கு வந்தது. நேரலை வேறு பிந்தித்தான் போகும், அரை நிமிடத்துக்கு மேல். நடந்து முடிந்த கவலையைத்தான் நான் அந்தப் பின்னேரம் முழுக்கப் பட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பாபு கத்தினான். “கோல்! எங்கடை கோல் மச்சான்! கோர்னர் பந்து, தலையாலை! இல்லை, தோளாலை! எதாலையோ, உள்ளை போட்டுது!”

நான் குசினிக்கும் விறாந்தைக்குமாக நடக்கத் தொடங்கினேன். சுகந்தி இன்னும் அந்தச் சீலையோடுதான் இருந்தாள். ஆட்டம் முடியும் வரை உடுப்பு மாற்றக்கூடாதாம். அவள் மரக்கறி வெட்டுவதை நிறுத்தினாள்.

“இஞ்சருங்கோ. நீங்கள் குகனிட்டை என்ன சொன்னனீங்கள்?”

“கிறவுண்டுக்கை கால் வைக்கமாட்டன் எண்டு.”

“கிறவுண்ட் எங்கை முடியுது?”

“மதிலிலை.”

“மதிலுக்கு இஞ்சாலை?”

“ஒழுங்கை.”

“ஒழுங்கையைப் பற்றி ஏதும் கதைச்சனீங்களோ?”

யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் எல்லை வழக்கு இரத்தத்தில் இருக்கிறது. ஆனால் என் மனைவிக்குள் ஓர் அப்புக்காத்து கறுப்புக் கோட்டோடு இருந்ததை அன்றுதான் கண்டேன்.

“நீர் என்ன, போகச் சொல்லுறீரோ?”

“உந்த நடை நடந்தால் நிலத்துச் சீமெந்து பேந்துபோம். போயிட்டு வாங்கோ.”

மதில்

போனை ஹெல்மெற்றுக்குள் காதோடு செருகிக்கொண்டு போனேன். பாபு முழு வழியும் கதைத்தான். இரண்டு தடவை அவன் “ஐயோ” என்றபோது நான் பிறேக் போட்டேன். பின்னால் வந்த பஸ்காரர் என் பரம்பரையை விசாரித்தார்.

மைதானத்தின் மேற்குப் பக்கக் கோலுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கும் மேலே ஒரு மதில். இந்தப் பக்கம் ஒழுங்கை, அதை ஒட்டி வெங்காயத் தோட்டம். தண்ணி கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஈரச் செம்மண் மணமும் வெங்காயத்தாள் மணமும் ஒன்றாக வந்தன. நான் மதிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஹெல்மெற்றைக் கழற்றவில்லை. முகம் வெளியில் தெரியாத மனிதன் முழிவியளம் ஆகமாட்டான் என்பது என் வாதம்.

முதுகுக்குப் பின்னால் சனத்தின் இரைச்சல். இரண்டாம் பிரிவுக்கு ஒலிபெருக்கி வைக்கமாட்டார்கள், ஆகவே ஆர் பந்தை வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. யூட் கத்துவது மட்டும் தெளிவாகக் கேட்டது. இரண்டாம் பாதிக்கு அவன் இந்தப் பக்கக் கோலில்தான் நின்றான். எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு வலை, ஒரு மதில்.

பத்து நிமிடம் போயிருக்கும். தலைக்கு மேலே ஏதோ கறுப்பாக வந்தது. பந்து. மதிலைத் தாண்டி, வெங்காயப் பாத்தியில் விழுந்து, உருண்டு வந்து என் காலடியில் நின்றது. எடுத்தேன். அந்தப் பழைய ஆட்டத்துக்குப் பிறகு ஓர் ஆட்டப் பந்தை நான் தொட்டதில்லை.

மேலதிகப் பந்து ஒன்று இருந்ததாம். அதற்கு முதல் பாதியிலேயே காற்றுப் போய்விட்டது. மதில் விளிம்பில் இரண்டு கையுறைகள் தோன்றின. பிறகு யூட்டின் தலை. மேசன் அல்லவா, ஒரே உன்னில் மேலே வந்து குந்திவிட்டான்.

என்னைப் பார்த்தான்.

“அண்ணை?”

“நான் இல்லை,” என்றேன், ஹெல்மெற்றுக்குள்ளிருந்து.

“உங்கடை மோட்டச்சைக்கிளை எனக்குத் தெரியாதே?”

“யூட், நான் கிறவுண்டுக்கை வரேல்லை. இது ஒழுங்கை.”

“எப்ப வந்தனீங்கள்?”

“பத்து நிமிசம்.”

அவன் யோசித்தான். மூக்கிலிருந்து வியர்வை மதிலில் சொட்டியது. “இந்தப் பத்து நிமிசத்திலை எனக்கு ஏழு அடி அடிச்சிட்டாங்கள் அண்ணை. ஒண்டு போஸ்டிலையே பட்டது. ஒண்டும் உள்ளை போகேல்லை.”

“பந்தை எறியட்டோ?”

“என்ன அவசரம்? ஆறுதலாத் தேடுங்கோ.”

“கையிலையெல்லோ கிடக்கு.”

“அதைக் கீழை போட்டிட்டுத் தேடுங்கோ.”

போட்டுவிட்டுத் தேடினேன். யூட் அந்தப் பக்கம் திரும்பி, “சேர், பந்து தோட்டத்துக்கை போட்டுது! தேடுறம்!” என்று கத்தினான். எதிரணிச் சனம் அவனுடைய ஒற்றைக் காலைப் பற்றியும் இன்னும் பல உறுப்புகளைப் பற்றியும் கத்தியது. நான் ஒரு பாத்தியைச் சுற்றி வந்து அடுத்த பாத்தியைச் சுற்றினேன். என் காலடியில் கிடந்த பந்தைத் தேடி நான் அவ்வளவு தூரம் நடந்தேன்.

அப்போதுதான் ஹெல்மெற்றுக்குள் ரொறொன்ரோ வந்து சேர்ந்தது. “மச்சான், பந்து மதிலுக்கு அங்காலை போட்டுது… யூட் ஏறுறான்… உவன் என்ன, மதிலிலை குந்திக்கொண்டு ஆரோடை கதைக்கிறான்?”

“என்னோடை.”



“விசரா,” என்றான் பாபு. “நீ அங்கை என்ன செய்யிறாய்?”

“பந்து தேடுறன்.”

மத்தியஸ்தரின் விசில் கோபமாக ஊதியது. மஞ்சள் அட்டை காட்டிவிட்டார் போலிருக்கிறது. யூட் அதை நோக்கி மரியாதையாகத் தலையாட்டினான். “இனிக் காணும், போதும் அண்ணை, தாங்கோ.” நான் எறிந்தேன். அவன் நெஞ்சோடு பிடித்தான். வாழ்க்கையில் ஒரு கோல்கீப்பருக்கு நான் சரியாகக் கொடுத்த முதல் பந்து அது.

அவன் குதித்துப் போய்விட்டான். நான் மறுபடியும் முதுகைத் திருப்பினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு விசில். பிறகு மைதானம் முழுவதும் அடங்கியது. தோட்டத்தில் தண்ணி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு இரைச்சல் எழும்பியது, அப்படி ஒரு இரைச்சலை நான் கேட்டதில்லை. மதிலே அதிர்ந்தது.

ஆர்? எங்கள் சனமா, அவர்கள் சனமா? சந்தோசமும் ஒப்பாரியும் மதிலுக்கு வெளியே ஒரே மாதிரித்தான் கேட்கின்றன. எட்டிப் பார்க்கலாம். கையை ஊன்றி ஒரு உன்னு உன்னினால் போதும். கையை மதிலில் வைத்தும்விட்டேன். இருபது வருடத்துக்கு மேலாகப் பார்க்கக் காத்திருந்தது அந்தக் கல்லுக்கு அப்பால் இருந்தது.

கையை எடுத்துவிட்டேன். பாபுவுக்காகக் காத்திருந்தேன்.

“அவங்களுக்கு ப்றீ கிக் மச்சான்,” என்றது ஹெல்மெற். “கடைசி அடி, இதோடை முடியும். தூக்கி அடிக்கப் போறான்… அடிச்சிட்டான். பந்து உயர வருகுது. யூட் வெளியிலை வாறான். எங்கடை பின்வரிசைப் பெடியன் ஒருத்தன் பந்துக்குக் கீழை நிக்கிறான்…” பாபுவின் குரல் மாறியது. நடந்து முடிந்த ஒன்றைப் பார்த்து, பாதி உலகத்துக்கு அப்பாலிருந்து, அன்றைக்குக் கத்திய அதே கத்தலைக் கத்தினான்: “விடு! டேய், விடுடா!”

நான் கண்ணை மூடினேன். பழக்கம்.

“விட்டிட்டான்,” என்றான் பாபு. மெதுவாக. “மச்சான், விட்டிட்டான். யூட் பிடிச்சிட்டான். விசில் ஊதியாச்சு.”

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. குளிராக இருக்கும்.

பொன்னாடை

வான் வருவதற்கு முன் நான் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, காலையிலிருந்து அங்கேயே கிடந்தவன் மாதிரிக் கதிரையில் சாய்ந்தேன். சுகந்தி என் செருப்பில் ஒட்டியிருந்த வெங்காயத்தாளை எடுத்துக் குப்பைக்குள் போட்டாள். வெடி கொளுத்திக்கொண்டு குகன் ஓடிவந்தான்.

“அண்ணை! ஏறிட்டம்! நீங்கள் வராதபடியால்தான் அண்ணை!” என்று கட்டிப்பிடித்து அழுதான்.

“எத்தினைக்கு எத்தினை?” என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு விருது தரலாம்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் வாசிகசாலை முற்றத்தில் பாராட்டு விழா. பெடியளுக்கு மாலை, பயிற்றுநருக்கு மாலை. சுகந்தியின் குடத்தை வெற்றிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அது இனிக் கழகத்தின் சொத்தாம். எங்கள் வீட்டில் இப்போது பிளாஸ்டிக் வாளியில் தண்ணி எடுக்கிறோம்.

குகன் மைக்கைப் பிடித்தான்.

“அடுத்ததாக, தனது வருகையின்மையால் இந்தக் கழகத்தின் உயர்வுக்கு அரும்பணி ஆற்றிய எமது அண்ணையைப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கிறோம். அவர் முதலாம் பிரிவிலும் தனது சேவையைத் தொடர்ந்து வழங்குவார் என்று எதிர்பார்க்கிறோம்.”

சனம் கைதட்டியது. ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணத்துக்குப் பொன்னாடை வாங்கியிருக்கிறார்கள். வராமல் இருந்ததற்கு வாங்கியவன் நான்தான். உண்மையைச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் ராசி பொய் என்று ஆகும். ஆனால் குகனுக்குக் கொடுத்த சொல்லும் பொய் என்று ஆகிவிடும். ஒழுங்கை, மதில், எல்லை என்றெல்லாம் மைக்கில் வாதாட என் அப்புக்காத்து முன்வரவில்லை. அவள் முன்வரிசையில் இருந்து பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

போர்த்த வந்தவன் யூட். ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் மேடையில் ஏறினான். சால்வையைத் தோளில் போடுகிற சாட்டில் காதுக்குள் குனிந்தான்.

“அடுத்த வருசம் நான் நிக்கிறன் அண்ணை.”

“நில்லடா. நான்தான் இனி ஒண்டுக்கும் வர ஏலாது. கேட்டனீதானே.”

“முதலாம் பிரிவு மட்ச்செல்லாம் வேறை கிறவுண்டிலை அண்ணை. போய்ப் பாத்தனான். கோலுக்குப் பின்னாலை வெறும் முள்ளுக்கம்பிதான், மதில் இல்லை.”

“அப்ப?”

படம் எடுக்கிறவருக்காகச் சிரித்துக்கொண்டே சொன்னான்:

“நான் மேசன் எல்லோ. கட்டித் தாறன்.”